ஆங்கிலத்தில் ஆய்வு அளிக்கை: வாசிப்பதா, மனப்பாடம் செய்வதா, குறிப்பு வைத்துப் பேசுவதா?

உயர்தரம் வரை தமிழில் படித்து, பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானத்தையோ பொறியியலையோ மருத்துவத்தையோ ஆங்கிலத்தில் பயின்று, இறுதியாண்டிலோ முதுமாணிக் காலத்திலோ முதன்முதலாக ஓர் ஆய்வரங்கின் மேடையேறப் போகிறவருக்கு, ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்ட செய்தி கிடைத்த அன்றே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. சொல்லவேண்டியதை முழுவதும் எழுதிவைத்து வாசிப்பதா, எழுதியதை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பதா, படவில்லைகளையும் சில குறிப்புகளையும் மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பேசுவதா? பெரும்பாலானோர் இதைக் கூடி ஆராய்ந்து முடிவு செய்வதில்லை. நாள் நெருங்க நெருங்கப் பயம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். பயம் எப்போதும் முழு எழுத்துப் பிரதியின் பக்கமே தள்ளும் என்பதால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலும் நடக்கும் ஒத்திகைகளில் தாளிலிருந்து தலை நிமிராத அளிக்கைகளையே அதிகம் காண்கிறோம்.

இந்த ஒப்பீட்டுக்கு வழமையான ஓர் அமர்வையே அளவாகக் கொள்கிறேன். பேச 10 நிமிடம், கேள்விகளுக்கு 5 நிமிடம். மேசையில் மணியோடு அமர்வுத் தலைவர். அவையில் பேராதனையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த சிங்களம் பேசுவோர் சிலர், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஓரிருவர், மற்றவர்கள் நம்மவர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். பேசுபவருக்கு மட்டுமன்றிக் கேட்பவருக்கும் அது இரண்டாம் மொழி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் பல விடயங்கள் தாமாகவே விளங்கும்.

என் தெரிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலில் முழுவதையும் எழுதவேண்டும். ஆனால் எழுதியதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே எழுதியபடி மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். மீதியைப் பேசவேண்டும். ஏன் என்பதை ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

வாசிப்பு

வாசிப்பதற்குச் சார்பான நியாயங்கள் அற்பமானவை அல்ல. இலக்கணப் பிழை வராது, நேரம் கணக்கில் நிற்கும், நடுக்கம் வந்தாலும் தாள் கைவிடாது. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசும்போது நிமிடத்துக்கு 120 சொற்கள் என்று கொண்டால், 10 நிமிடத்துக்கு 1200 சொற்கள் போதும் என்று முன்னரே கணித்துவிடலாம். வரலாறு, இலக்கியம், மெய்யியல் போன்ற துறைகளில் கட்டுரையை வாசிப்பது இன்றும் ஏற்றுக்கொள்ளப்பட்ட மரபாகவே இருக்கிறது. அங்கே வாக்கியத்தின் அமைப்பே வாதத்தின் அமைப்பாக இருப்பதால், அதை அவிழ்த்துப் பேசினால் வாதமே தளர்ந்துவிடக்கூடும். கலைப்பீடத்து மாணவர் ஒருவர் வாசிப்பதைத் தெரிவு செய்தால் அதைக் குறையாக நான் பார்க்கமாட்டேன். வாசிப்பதற்கென்று எழுதப்பட்டதைத்தான் வாசிக்கவேண்டும், அச்சுக்குப் போகும் கட்டுரையை அல்ல என்று மட்டும் சொல்வேன்.

விஞ்ஞானப் பாடங்களில் நிலைமை வேறு. அங்கே வரைபு திரையில் இருக்கிறது, பேசுபவரின் கண் தாளில் இருக்கிறது, இரண்டையும் இணைக்க யாரும் இல்லை. பதற்றத்தில் வாசிப்பவரின் வேகம் தானாக ஏறும். அதே 1200 சொற்களை நிமிடத்துக்கு 160 என்ற வேகத்தில் வாசித்தால் ஏழரை நிமிடத்தில் முடிந்துவிடும். மிஞ்சிய நேரம் கேள்வி நேரத்தோடு சேர்ந்துகொள்ளும், அது வாசிப்பை நம்பி வந்தவர் கொஞ்சமும் விரும்பாத பகுதி. வாசிப்பில் குரலின் ஏற்ற இறக்கமும் தட்டையாகிவிடுகிறது. இரண்டாம் மொழியில் கேட்பவர்கள் எந்தச் சொல் முக்கியமானது என்பதைப் பேசுபவரின் அழுத்தத்தைக் கொண்டே பிடித்துக்கொள்கிறார்கள். அந்தத் துணை இல்லாமற் போனால் இரண்டாவது நிமிடத்திலேயே கைத்தொலைபேசிக்குத் திரும்பிவிடுவார்கள்.

மனப்பாடம்

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இது பழகிய பாதை. பேச்சுப் போட்டிக்காக ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கி, கையசைவு உட்பட ஒப்புவித்துப் பரிசு வாங்கியவர்களே பிற்காலத்தில் ஆய்வாளர்களாகவும் வருகிறார்கள். அந்தப் பயிற்சியால் கிடைக்கும் குரல் வளத்தையும் அவைக்கூச்சமின்மையையும் குறைத்து மதிப்பிட முடியாது. கூடவே ஒட்டிக்கொண்டு வருபவையும் உண்டு. ‘அவைத்தலைவர் அவர்களே, நடுவர்களே’ என்று தொடங்கிப் பழகிய வாய், ஆங்கிலத்திலும் மேடையிலிருப்போர் எல்லோரையும் பதவி வரிசையில் விளித்துவிட்டே விடயத்துக்கு வருகிறது. பத்து நிமிடத்தில் முக்கால் நிமிடம் அதிலேயே போய்விடும். அமர்வுத் தலைவருக்கு ஒரு நன்றிச் சொல் போதும். உங்கள் பெயரையும் தலைப்பையும் அவரே வாசித்திருப்பார், நீங்கள் மீண்டும் வாசிக்கத் தேவையில்லை.

மனப்பாடத்தின் உண்மையான ஆபத்து, வாக்கியங்கள் பொருளால் அல்லாமல் ஒலியால் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருப்பதுதான். புறொஜெக்ரர் ஒரு கணம் அணைந்தாலோ, இரண்டு படவில்லைகள் ஒன்றாக நகர்ந்துவிட்டாலோ தொடர் அறுந்துவிடும். அறுந்த இடத்திலிருந்து தொடர முடியாமல் முந்திய பந்தியின் தொடக்கத்துக்குப் போய் மீண்டும் ஓடிவருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். தாய்மொழியில் என்றால் வேறு சொற்களால் சமாளித்துவிடலாம். ஆங்கிலத்தில் மாற்றுச் சொல் உடனே நாவுக்கு வராது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008 இல் தொடங்கி இப்போது பல நாடுகளில் நடக்கும் மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டி போன்றவற்றுக்கு மனப்பாடமே சரியான வழி. ஒரேயொரு அசையாத படவில்லை, மூன்றே நிமிடம், குறிப்பு பார்க்க நேரமில்லை. அது நிகழ்த்துகைக்கான போட்டி, அதற்கு நாடகப் பயிற்சிதான் பொருந்தும்.

குறிப்பு மட்டும்

ஆங்கிலத்தில் சரளமாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பேச்சு கேட்பவரின் முகத்தைப் பார்த்து நகரும், விளங்கவில்லை என்று தெரிந்தால் திரும்பச் சொல்லலாம். ஆனால் சரளம் குறைந்தவர் இந்த வழியில் இறங்கினால், தமக்குத் தெரியாமலேயே படவில்லையைக் குறிப்புத்தாளாக்கிவிடுகிறார். ஒவ்வொரு படவில்லையிலும் எட்டு வரிகள், அவற்றையே முதுகைக் காட்டிக்கொண்டு வாசிப்பது. இது எழுத்துப் பிரதியை வாசிப்பதைவிட மோசமானது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள், படத்தோடு பேச்சைக் கேட்பவர்களுக்கு அதே பேச்சைத் திரையில் எழுத்தாகவும் காட்டினால் விளக்கம் குறைகிறது என்று காட்டியிருக்கின்றன. கண் எழுத்தின் பின்னே ஓட, படம் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. படத்தின் அருகே இரண்டு மூன்று முக்கியச் சொற்களை மட்டும் வைப்பதில் அந்தத் தீங்கு இல்லை. நம் அவையைப் போல எல்லோரும் இரண்டாம் மொழியில் கேட்கும் இடத்தில் அந்தச் சில சொற்கள் பெருந்துணையாகவும் இருக்கும்.

இன்னுமொரு குறை நேரம். குறிப்பு மட்டும் வைத்துப் பேசுகிறவர் அறிமுகத்தில் ஆறு நிமிடத்தைச் செலவழித்து, தம் சொந்த முடிவுகளுக்கு வரும்போது மணியோசை கேட்பது வழமையாகிவிட்டது. அறிமுகம் பாடநூலில் பலமுறை படித்தது, ஆங்கிலம் அங்கே தடையின்றி வரும். சொந்த முடிவைப் பற்றி அவர் அதுவரை ஆங்கிலத்தில் யாரிடமும் பேசியிருக்கமாட்டார்.

கலந்த வழி

நம் கோயில்களில் நடக்கும் புராணபடனத்தில் ஒருவர் செய்யுளை ஓர் எழுத்துப் பிசகாமல் வாசிப்பார், மற்றவர் அவைக்கு ஏற்றபடி பயன் சொல்வார். ஆய்வு அளிக்கையிலும் பிசகக்கூடாத பகுதியும் அவைக்கேற்ப நெகிழவேண்டிய பகுதியும் உண்டு, இரண்டையும் ஒருவரே செய்யவேண்டும் என்பதுதான் வேறுபாடு. பிசகக்கூடாதவை எவை? தொடக்கத்து நான்கைந்து வாக்கியங்கள், ஒரு படவில்லையிலிருந்து அடுத்ததற்குப் போகும் இணைப்பு வாக்கியங்கள், எண்கள், இறுதி இரண்டு வாக்கியங்கள். இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யலாம், தாளிலும் முழுதாக எழுதிவைத்திருக்கலாம். மீதிக்கு ஒவ்வொரு படவில்லைக்கும் மூன்று நான்கு சொற்கள் போதும்.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களை அண்டிய கிணறுகளில் நைத்திரேற்று அளவு பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல் படுகையில் தேங்கும் நிலத்தடி நீரே குடிநீரும் பாசன நீரும் என்பதையும், உரப்பாவனையால் அந்த நீரில் நைத்திரேற்று சேர்கிறது என்பதையும் அவையில் பாதிப்பேர் அறிவார்கள். ஆகவே தொடக்க வாக்கியங்கள் அதை ஒரே மூச்சில் கடந்து, எந்தக் கிணறுகள், எந்தப் பருவம், என்ன கேள்வி என்பதற்கு வந்துவிடவேண்டும். முடிவுகள் உள்ள படவில்லையின் தலைப்பில் ‘முடிவுகள்’ என்று போடுவதா, ‘மாரிக்குப் பின் ஆழங்குறைந்த கிணறுகளில் நைத்திரேற்று கூடுகிறது’ என்ற முழு வாக்கியத்தைப் போடுவதா? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கல் அலி நீண்டகாலமாக வலியுறுத்திவருவது இரண்டாவதை: தலைப்பில் ஒரு கூற்று, அதன் கீழே அதற்குச் சான்றான வரைபு அல்லது படம். இரண்டாம் மொழியில் பேசுபவருக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. நா உலர்ந்து சொல் வராமல் நிற்கும் கணத்தில், திரையின் மேல் வரி இலக்கணம் பிழைக்காத ஓர் ஆங்கில வாக்கியமாக அங்கே இருக்கும். அதைச் சொல்லிவிட்டு வரைபைக் காட்டத் தொடங்கினால் போதும், மற்றவை பின்னால் வரும்.

இணைப்பு வாக்கியங்களைக் கேள்வி வடிவில் வைப்பது எளிது. ‘சோ, வெயர் டஸ் திஸ் நைட்ரேட் கம் ஃப்ரொம்?’ என்று கேட்டுவிட்டு அடுத்த படவில்லைக்குப் போகலாம். நீண்ட இணைப்புச் சொற்களை நினைவில் வைத்திருக்கும் சுமை குறைகிறது, கேட்பவரும் விழித்துக்கொள்கிறார்.

எண்களைத் தனியே ஒத்திகை பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் மனத்தில் எண்ணுவது தமிழில். எவ்வளவு சரளமானவரும் திரையில் திடீரென்று ஒரு தசமத்தைக் கண்டால் ஒரு கணம் தடுமாறுவார். தேர்ட்டீன், தேர்ட்டி போன்ற சோடிகள் ஒலியில் மயங்குகின்றன, முதலாவதில் இறுதி அசையையும் இரண்டாவதில் முதல் அசையையும் அழுத்தினால்தான் வேறுபாடு கேட்கும். இலட்சக் கணக்கை வெளிநாட்டவருக்கு நூறாயிரமாக மாற்றிச் சொல்லவேண்டும். உச்சரிப்பைப் பற்றிய கவலையில் பெரும்பகுதி வீண் என்பது என் கருத்து. யாழ்ப்பாணத் தமிழரின் ஆங்கிலம் யாழ்ப்பாணத் தமிழரின் ஆங்கிலமாக ஒலிப்பதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அசையழுத்தம் பிழைத்தால் சொல்லே அடையாளம் தெரியாமற் போகும். அனலிசிஸ், ஹைப்பொதிசிஸ், பராமீற்றர் ஆகிய மூன்றிலும் அழுத்தம் இரண்டாவது அசையில் விழுகிறது, நாம் பழக்கத்தால் முதலாவதில் போடுகிறோம். உங்கள் ஆய்வில் திரும்பத் திரும்ப வரும் பத்துப் பன்னிரண்டு கலைச்சொற்களை அகராதியின் ஒலிப்பதிவோடு சரிபார்த்துக்கொண்டால் மற்றதை விட்டுவிடலாம்.

எந்த மொழியில் எழுதத் தொடங்குவது

இது பழைய கேள்வி. 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினறி மேலைத்தேய அறிவியலை ஆங்கிலத்தில் ஊட்டியது. அதே மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களில் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இன்றைய மாணவர் முன்னுள்ள தெரிவு அவ்வளவு பெரியதன்று: முதற்படியைத் தமிழில் எழுதிப் பின் மொழிபெயர்ப்பதா, ஆங்கிலத்திலேயே தொடங்குவதா, இயந்திரத்திடம் கொடுத்துவிடுவதா?

தமிழில் சிந்திப்பது நன்று, தமிழ் வாக்கியத்தை அப்படியே கொண்டுபோவதுதான் தொல்லை. ‘உரப்பாவனை கூடிய வெங்காயத் தோட்டங்களை அண்டிய, ஆழங்குறைந்த கிணறுகளில் மாரிக்குப் பின் எடுக்கப்பட்ட மாதிரிகளின் நைத்திரேற்று அளவு கூடியிருந்தது’ என்பது தமிழில் இயல்பாக ஓடும். அதையே ஆங்கிலமாக்கினால் எழுவாய்க்கும் வினைக்கும் இடையே இருபது சொற்கள் புகுந்துவிடும், பேசுபவருக்கு மூச்சு முட்டும், கேட்பவருக்கு எழுவாய் மறந்துபோகும். ஆங்கிலத்தில் அதை மூன்றாக உடைக்கவேண்டும்: கிணறுகள் ஆழம் குறைந்தவை, அவை வெங்காயத் தோட்டங்களுக்கு அருகில் உள்ளன, மாரிக்குப் பின் அவற்றில் நைத்திரேற்று கூடியது. ஆகவே வாதத்தின் ஒழுங்கைத் தமிழில் ஐந்தாறு வரிகளில் முடிவு செய்துவிட்டு, வாக்கியங்களை ஆங்கிலத்திலேயே சிறிதுசிறிதாக எழுதுவதை நான் விரும்புகிறேன்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் பிரதி பிழையற்றதாகவும் மெருகானதாகவும் இருக்கும். அதுவே அதன் குறை. பேசுபவர் வாழ்நாளில் உச்சரித்திராத சொற்கள் அதில் வரும், கேள்வி நேரத்தில் அவருடைய சொந்த ஆங்கிலம் வெளிப்படும்போது இரண்டுக்கும் இடையிலான பள்ளம் அவைக்கு அப்பட்டமாகத் தெரியும். உங்கள் பிரதியைக் கொடுத்துப் பிழை திருத்தக் கேளுங்கள், உச்சரிக்கக் கடினமான சொற்களுக்கு எளிய மாற்றுக் கேளுங்கள், வரக்கூடிய கேள்விகளை எழுப்பச் சொல்லுங்கள். அந்த மூன்றாவது பயன்தான் பெரியது.

கேள்வி நேரம்

எந்த வழியைத் தெரிவு செய்வது என்பதை உண்மையில் தீர்மானிக்கவேண்டியது இந்த ஐந்து நிமிடம். மேற்சொன்ன ஆய்வில் ஒரு கிணற்றின் அளவு லீற்றருக்கு 12 மில்லிகிராம் என்று திரையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவையிலிருந்து ஒருவர் எழுந்து, ‘இது நைத்திரேற்றாகக் கணக்கிட்டதா, நைத்திரேற்று நைதரசனாகக் கணக்கிட்டதா?’ என்று கேட்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதையே நைதரசனாக, அதாவது நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டால் ஏறக்குறைய 11.3 மில்லிகிராம்தான். ஆக, 12 என்ற அதே எண் ஒரு கணக்கில் முற்றிலும் பாதுகாப்பானது, மற்றக் கணக்கில் எல்லையைத் தாண்டியது. ஆய்வு செய்தவருக்கு விடை நன்றாகத் தெரியும், ஆய்வுகூடத்தில் அந்த மாற்றீட்டைப் பலமுறை செய்திருப்பார். ஆனால் பத்து நிமிடமும் ஒப்புவித்தவரின் வாய் ஆங்கிலத்தில் புதிதாக ஒரு வாக்கியம் அமைக்கும் நிலையில் இருக்காது. ஏற்கெனவே பாதியைப் பேசியே வந்தவருக்கு இது இன்னுமொரு வாக்கியம், அவ்வளவுதான்.

இதற்கான ஆயத்தம் தனியானது. ஒத்திகையில் நண்பர்கள் கைதட்டுவதைவிடக் கேள்வி கேட்பதே உதவி, அதுவும் வேறு துறை நண்பர்களாக இருந்தால் நல்லது. கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேட்கும்படி வேண்டுவதில் வெட்கமில்லை. விளங்கினாலும் அதைச் சுருக்கித் திருப்பிச் சொல்வது மண்டபத்தின் பின்வரிசைக்கு உதவும், உங்களுக்கும் யோசிக்க நான்கு வினாடி தரும். அளக்காததை அளக்கவில்லை என்று நேரே சொல்லுங்கள். ‘வீ டிட் நொட் மெஷர் தற்’ என்பது முழுமையான, மரியாதையான விடை, அதன்பின் ஊகம் எதையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை. கேட்பவர் தமிழர், விடை சொல்பவர் தமிழர், இருவரும் ஆங்கிலத்தில் தடுமாறுகிறார்கள் என்ற காட்சி நம் அரங்குகளில் அடிக்கடி வருகிறது. வேடிக்கையாகத் தோன்றினாலும், மூன்றாமவர் ஒருவராவது தமிழ் தெரியாதவர் அவையில் இருக்கும்வரை அதுவே நியாயம். மீதியைத் தேநீர் இடைவேளையில் தமிழில் தொடரலாம், உண்மையான கருத்துப் பரிமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தே மேடை வேண்டாம் என்று எண்ணுபவருக்குச் சுவரொட்டி அளிக்கை என்ற வழியும் உண்டு. அது சுலபமான வழி என்று எண்ணவேண்டாம், அங்கே ஒரு மணி நேரம் முழுவதும் கேள்வி நேரம்தான். ஆனால் ஒருவரோடு ஒருவராகப் பேசுவதால் கூச்சம் குறையும். இணையவழி அமர்வென்றால் கமராவுக்கு அருகே பிரதியை வைத்து வாசிப்பது நேரடி மேடையைவிடப் பொறுத்துக்கொள்ளத்தக்கது, கேள்விகளுக்கு அங்கேயும் அதே ஆயத்தம் வேண்டும்.

ஆக, கலைத்துறைக் கட்டுரைக்கு, காதுக்கென்று திருத்தி எழுதிய வாசிப்பு. மூன்று நிமிடப் போட்டிக்கு மனப்பாடம். ஆங்கிலம் அன்றாடம் புழங்கும் வீட்டிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்தவருக்குக் குறிப்பு மட்டும். முதன்முறை மேடையேறும் விஞ்ஞான, பொறியியல், விவசாய, மருத்துவபீட மாணவருக்குக் கலந்த வழி. இதைத் தெரிவு செய்தவர் முதல் நாளே இன்னொன்றையும் முடிவு செய்து தாளில் குறித்துவைக்கவேண்டும்: நேரம் போதாவிட்டால் எந்தப் படவில்லையை விடுவது? பெரும்பாலும் அது ஆய்வு முறையின் இரண்டாவது படவில்லையாக இருக்கலாம், முடிவு படவில்லையாக ஒருபோதும் இருக்கக்கூடாது. ஒரு நிமிடம் மீதி என்று அமர்வுத் தலைவர் மணியை அடித்ததும் பேச்சை வேகமாக்காமல், இருக்கும் இடத்திலிருந்து நேரே கடைசிப் படவில்லைக்குப் போய், மனப்பாடம் செய்துவைத்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லி, நன்றி கூறி நிறுத்திவிடலாம்.